யாருக்கு ‘சர்’ போடலாம், யாருக்குக் கூடாது? பிரிட்டிஷ் பட்டங்கள் பற்றி ஒரு கேள்வி

ஏட்டுச்சுவடி கேட்டது:

வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் அரசு தந்த பட்டங்களைப் பெற்றவர்கள் என்று ஒரு பகுதி. முதலில் எழுதியவர் ஆண்கள் எல்லோருக்கும் ‘சர்.’ என்று புள்ளியோடு போட்டிருக்கிறார், பெண்கள் எல்லோருக்கும் ‘டேம்’. சி.வி. ராமனும் ‘சர்.’, ரத்தன் டாட்டாவும் ‘சர்.’, சிதார் மேதை ரவிசங்கரும் ‘சர்.’. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் ‘டேம்’ ஆகியிருக்கிறார். இதில் பாதி தவறு என்று தெரிகிறது. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

கூடவே சில சந்தேகங்கள்:

‘சர்’ என்பதை முதற்பெயரோடுதான் சேர்க்க வேண்டும், குடும்பப் பெயரோடு சேர்க்கக் கூடாது என்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதே, தலைப்பெழுத்துதானே. அப்படியானால் எப்படி எழுதுவது?

ஒரே ஆளுக்கு ஒரு நூல் ஓர் ஆண்டும் இன்னொரு நூல் அடுத்த ஆண்டும் தருகிறது. எதை எடுப்பது?

கடைசியாக ஒன்று. பிரிட்டனில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தார் அங்கே நெடுங்காலம் பணியாற்றும் ஒருவரைச் சர் பட்டத்துக்குப் பரிந்துரைக்க விரும்புகிறார்கள். வழி என்ன, கட்டணம் உண்டா?

---

முத்திரை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அதுவே நீளும்.

பிரிட்டிஷ் அரசு தரும் எல்லாப் பதக்கமும் சர் பட்டம் அல்ல. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்தால் முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இன்று அதிகம் வழங்கப்படுவது ‘ஆர்டர் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர்’ (ஆர்டர் என்பது கௌரவம் பெற்றவர்களைச் சேர்க்கும் அணி). 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கியது. அதில் மேலிருந்து கீழாக ஐந்து படிகள்: ஜி.பி.இ., கே.பி.இ. (பெண்களுக்கு டி.பி.இ.), சி.பி.இ., ஓ.பி.இ., எம்.பி.இ. இவற்றில் மேல் இரண்டு படிகளுக்கு மட்டுமே ‘சர்’ அல்லது ‘டேம்’ உண்டு. சி.பி.இ. பெரிய கௌரவம்தான், ஆனால் பெயருக்கு முன்னால் ஒன்றும் வராது. மாயா அருள்பிரகாசம் பெற்றது எம்.பி.இ., ஐந்தாம் படி. ‘டேம்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

இதே கணக்கு மற்ற ஆர்டர்களுக்கும் பொருந்தும். ‘பாத்’ (1725), ‘செயின்ட் மைக்கேல் அண்ட் செயின்ட் ஜார்ஜ்’ (1818) இரண்டிலும் மூன்று படிகள், மேல் இரண்டுக்குப் பட்டம். முன்னது பெரும்பாலும் மூத்த அரசு அதிகாரிகளுக்கும் படைத் தளபதிகளுக்கும் போகும், பின்னது தூதர்களுக்கு. ‘ராயல் விக்டோரியன்’ (1896) அரச குடும்பத்துக்கு நேரடியாகப் பணி செய்தவர்களுக்கு. இது மன்னர் தாமே தருவது, பிரதமர் பரிந்துரை கிடையாது. ‘கார்ட்டர்’ (1348), ‘திஸில்’ இரண்டும் உச்சியில் இருப்பவை. கார்ட்டரில் மன்னரும் வேல்ஸ் இளவரசரும் நீங்கலாக 24 பேர்தான், திஸிலில் 16 பேர்தான்.

உங்கள் தொகுப்புக்கு முக்கியமானவை வேறு இரண்டு: ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ (1861), ‘இந்தியன் எம்பயர்’ (1878). 1948க்குப் பிறகு இவற்றில் யாரும் சேர்க்கப்படவில்லை. ஜி.சி.எஸ்.ஐ., கே.சி.எஸ்.ஐ., ஜி.சி.ஐ.இ., கே.சி.ஐ.இ. என்றால் ‘சர்’. வெறும் சி.எஸ்.ஐ., சி.ஐ.இ. என்றால் இல்லை. சென்னை மாகாணத்து ஆட்கள் விஷயத்தில் அதிகம் சறுக்குவது இந்த சி.ஐ.இ.யில்தான். கே.சி.ஐ.இ.க்கும் அதற்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், அந்தக் ‘கே’யில்தான் பட்டமே இருக்கிறது.

ஆக, முதல் எழுத்து ‘ஜி’ அல்லது ‘கே’ என்றால் பட்டம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளாதீர்கள். ‘ஜி.சி.’ என்றால் ஜார்ஜ் கிராஸ், ‘ஜி.எம்.’ என்றால் ஜார்ஜ் மெடல். இரண்டும் வீரத்துக்கான பதக்கங்கள், சர் பட்டமில்லை. வழக்கறிஞர் பெயருக்குப் பின்னால் ‘கே.சி.’ என்றிருந்தால் அது மன்னரின் மூத்த வழக்கறிஞர் என்ற தொழில்நிலை. போலீஸ் அதிகாரிக்கு ‘கே.பி.எம்.’ என்றால் கிங்ஸ் போலீஸ் மெடல். இவர்களையெல்லாம் சர் ஆக்கிவிட்ட அச்சுநூல்கள் இருக்கின்றன.

இன்னொரு வகை எந்த ஆர்டரிலும் சேராதது: ‘நைட் பேச்சலர்’. சர் பட்டங்களிலேயே மிகப் பழையது இதுதான். இதற்குப் பின்னெழுத்து வழக்கமாகப் போடுவதில்லை, அதனாலேயே தேடும்போது கண்ணில் படாது. சி.வி. ராமன் 1929இல் பெற்றது இதுதான், நோபலுக்கு ஓராண்டு முன்பு. தாகூர் 1915இல் பெற்றதும் இதுவே. இன்று பிரிட்டனின் சிவிலியன் ஆண்களில் சர் ஆகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கே.பி.இ. படைத் தளபதிகளுக்கும் வெளிநாட்டவர்க்குமே அதிகம் போகிறது. பெண்களுக்கு நைட் பேச்சலருக்கு இணையாகத் தனி வகை இல்லை, டி.பி.இ. தந்து ‘டேம்’ ஆக்குவார்கள்.

இனி டாட்டாவுக்கும் ரவிசங்கருக்கும் வருவோம். ரவிசங்கருக்கு 2001இல் கே.பி.இ., ரத்தன் டாட்டாவுக்கு 2009இல் கே.பி.இ., 2014இல் ஜி.பி.இ. எழுத்தைப் பார்த்தால் ‘சர்’ வர வேண்டும். வராது, ஏனென்றால் அவை கௌரவ நியமனங்கள். பிரிட்டிஷ் மன்னரைத் தம் நாட்டுத் தலைவராகக் கொண்ட நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே முழுப் பட்டம். மற்றவர்கள் பின்னெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம், முன்னால் ‘சர்’ கிடையாது, தோளில் வாள் வைப்பதும் கிடையாது. பில் கேட்ஸ் (2005) அப்படித்தான். ஐரிஷ் குடிமகனான பாப் கெல்டாஃப் (1986) கூட அப்படித்தான், பத்திரிகைகள் எத்தனை முறை ‘சர் பாப்’ என்று எழுதினாலும்.

குடியுரிமை மாறினால் நிலையும் மாறலாம். வயலின் கலைஞர் யஹூதி மெனுஹின் 1965இல் கௌரவ கே.பி.இ. பெற்றபோது அமெரிக்கர். 1985இல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார், அதன் பிறகே ‘சர் யஹூதி’.

இந்தியத் தரப்பிலும் ஒரு தடை இருக்கிறது. அரசமைப்பின் 18ஆம் பிரிவு இந்தியக் குடிமகன் எந்த வெளிநாட்டு அரசிடமும் பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் நம் சொந்த பாரத ரத்னா, பத்ம விருதுகளையே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்படியிருக்க, ஓர் இந்தியக் குடிமகன் பெயரில் ‘சர்’ ஒட்டுவது இரண்டு நாட்டு முறைப்படியும் பிழை.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்க்கான) அட்டையும் வைத்திருப்பவர் விஷயம் வேறு. ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை அல்ல, ஆகவே அவருக்கு முழுப் பட்டமே.

---

சுருளோலை எழுதியது:

முத்திரை சொன்னதில் ஒரு சேர்க்கை. ராவ் பகதூர், திவான் பகதூர், ராஜா, மகாமகோபாத்தியாயர் இவையெல்லாம் பிரிட்டிஷ் இந்திய அரசு தந்த பட்டங்கள்தாம், ஆனால் சர் பட்டத்தோடு தொடர்பில்லாதவை. உ.வே. சாமிநாதையர் மகாமகோபாத்தியாயர், சர் அல்ல. அண்ணாமலைச் செட்டியார் 1923இல் சர், 1929இல் ராஜா. இரண்டும் தனித்தனி, அதனால்தான் ‘ராஜா சர்’.

பாரோனெட் என்று ஒன்று உண்டு. 1611இல் முதலாம் ஜேம்ஸ் ஏற்படுத்தியது. அதற்கும் முன்னால் ‘சர்’ வரும், ஆனால் அது பரம்பரைப் பட்டம், மகனுக்குப் போகும். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842இல் சர் ஆனார், 1857இல் பாரோனெட் ஆனார். அந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்து ‘சர்’ வருவதற்குக் காரணம் இரண்டாவது. சாதாரண சர் பட்டம் ஆளோடு முடிந்துவிடும், மகன் பெயரில் ஏறாது.

---

கெஸட் வாசகி எழுதியது:

பெயர் எழுதுவது பற்றியும் ஆண்டு பற்றியும்.

முதலில் அந்தப் புள்ளியை எடுங்கள். ‘திரு.’ போல எழுதிப் பழகிய கையில் ‘சர்.’ வந்துவிடுகிறது. ‘சர்’ சுருக்கெழுத்து அல்ல, முழுச் சொல். புள்ளிக்கு வேலையில்லை. ‘சர்.சி.வி.ராமன்’ என்று இடைவெளியே இல்லாமல் அச்சிட்டால் ‘சர்’ ஏதோ ஊர்ப்பெயரின் தலைப்பெழுத்து போல ஆகிவிடுகிறது. ‘சர் சி.வி. ராமன்’ என்பதே சரி.

ஆங்கில வழக்கில் விதி இது: முழுப்பெயரோடு ‘சர்’ போடலாம், முதற்பெயரோடு மட்டும் போடலாம், குடும்பப் பெயரோடு மட்டும் போடக் கூடாது. ‘சர் பால் மெக்கார்ட்னி’ சரி, ‘சர் பால்’ சரி, ‘சர் மெக்கார்ட்னி’ தவறு. அதன் பொருள், ‘சர்’ அந்த ஆளுக்குச் சொந்தமான பெயரோடு ஒட்ட வேண்டும் என்பது. இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டால் தமிழ்ப் பெயர்களில் குழப்பம் தீரும். வார்த்தைக்கு வார்த்தை ‘முதலில் வரும் பெயர்’ என்று எடுத்துக்கொண்டால்தான் விபரீதம்.

பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இருவருமே சர் பட்டம் பெற்றவர்கள். ஆங்கில விதியை எழுத்துப்படி பின்பற்றினால் இருவருமே ‘சர் பொன்னம்பலம்’. யார் எவர் என்று தெரியாது என்பது ஒருபுறம், பொன்னம்பலம் அவர்களுடைய தந்தையார் பெயர். பட்டம் பெறாத அப்பாவைச் சர் ஆக்கிவிடுகிறோம். ‘சர் இராமநாதன்’, ‘சர் அருணாசலம்’ என்று யாழ்ப்பாணத்துப் பழைய எழுத்துகளில் வருவது தமிழ்ப் பெயரின் இயல்புப்படி முற்றிலும் சரியானது. அவர்களுடைய தாய்மாமன் முத்து குமாரசுவாமி 1874இல் சர் ஆனவர். அவருக்கு ‘சர் முத்து’ பொருந்தும், அது அவர் சொந்தப் பெயர்.

இப்போது வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பாருங்கள், 2012 புத்தாண்டுப் பட்டியலில் நைட் பேச்சலர். அவர் தந்தை பெயர் ராமகிருஷ்ணன். இங்கே சொந்தப் பெயர் முன்னால் நிற்கிறது. ‘சர் வெங்கட்ராமன்’ அல்லது ‘சர் வெங்கி’ சரி, ‘சர் ராமகிருஷ்ணன்’ தவறு. இந்த இரண்டு வகைப் பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் விதி தலைகீழாக இருப்பதுபோல் தோன்றும். விதி ஒன்றுதான், பெயர் நிற்கும் இடம்தான் வேறு. தொகுப்பில் ஒவ்வொருவருக்கும் எது தந்தை பெயர், எது தன் பெயர் என்று ஒரு பத்தி குறித்துக்கொண்டு அப்புறம் ‘சர்’ போடுங்கள். சந்தேகம் இருந்தால் முழுப்பெயரோடு மட்டும் போடுங்கள், அதில் ஒருபோதும் பிழை வராது.

மனைவிக்கு ‘லேடி’. அதுவும் கணவரின் கடைசிப் பெயரோடு மட்டும்: லோகசுந்தரி அம்மாளை ‘லேடி ராமன்’ என்றார்கள். ‘லேடி லோகசுந்தரி’ என்று எழுதினால் அவர் பிரபு வீட்டு மகள் என்று பொருளாகிவிடும். டேம் பட்டம் பெற்ற பெண்ணின் கணவருக்கு ஒன்றும் கிடையாது. சர் பட்டம் பெற்ற ஆணின் ஆண் துணைவருக்கும் கிடையாது.

ஆண்டுக் குழப்பத்துக்கு வருகிறேன். அறிவிப்பு ஒருநாள், பட்டம் கைக்கு வருவது இன்னொரு நாள். முக்கியமான பட்டியல்கள் ஆண்டுக்கு இரண்டு, புத்தாண்டுக்கு ஒன்று, ஜூனில் மன்னர் பிறந்தநாளுக்கு ஒன்று. புத்தாண்டுப் பட்டியல் இப்போது டிசம்பர் கடைசியிலேயே வெளியாகிவிடுகிறது. அதனால் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்குச் செய்தித்தாளை வைத்து எழுதுபவர் 2011 என்பார், பட்டியலின் பெயரை வைத்து எழுதுபவர் 2012 என்பார். பழைய ஆட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. லண்டனுக்குப் போய் மன்னர் முன் மண்டியிட முடியாத நைட் பேச்சலர்களுக்கு, முத்திரையிட்ட சாசனம் அனுப்பிப் பட்டம் தருவார்கள். அதன் தேதி அறிவிப்புக்குச் சில மாதம் பிந்தியிருக்கும். என் யோசனை, தொகுப்பு முழுக்கப் பட்டியலின் ஆண்டையே எடுங்கள், முன்னுரையில் அப்படிச் செய்திருப்பதாக ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

சரிபார்க்கப் பிரிட்டிஷ் அரசிதழான ‘லண்டன் கெஸட்’ இருக்கிறது, இணையத்தில் இலவசம். தேடும்போது பெயரை வைத்துத் தேடாதீர்கள், கிடைக்காது. குமாரசுவாமி என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுவார்கள், பழைய அச்சை எந்திரம் படிக்கும்போது வரும் பிழை வேறு. தேதியை வைத்துத் தேடுங்கள். ஜனவரி 1ஐ ஒட்டிய இதழ், ஐந்தாம் ஜார்ஜ் காலமென்றால் ஜூன் 3ஐ ஒட்டிய இதழ், தில்லி தர்பார் என்றால் 1911 டிசம்பர் 12. இதழைத் திறந்ததும் நைட் பேச்சலர் பட்டியலைத் தனியே பாருங்கள். இந்தியாவுக்குரிய இரண்டு ஆர்டர்களும் ‘இந்தியா ஆபீஸ்’ என்ற தலைப்பின்கீழ் இருக்கும். அங்கே பெயருக்கு முன்னால் திவான் பகதூர் முதலியவை நிற்பதால் அகரவரிசையை நம்ப வேண்டாம், கண்ணால் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். இன்றைய இதழ்களில் கடைசிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், அடுத்து எதற்காக என்று ஒரே வரி. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு ‘மூலக்கூறு உயிரியலுக்கு ஆற்றிய பணிக்காக’.

கெஸட்டில் இல்லையென்றால் பட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெளிநாட்டவர்க்குத் தரும் கௌரவ நியமனங்கள் வழக்கமாகக் கெஸட்டில் வருவதில்லை, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் தனியாக ஒரு பட்டியல் வெளியிடும். டாட்டாவையும் ரவிசங்கரையும் அங்கேதான் தேட வேண்டும்.

---

தேனருவி எழுதியது:

பரிந்துரை பற்றி. கட்டணம் ஒரு பென்னிகூட இல்லை. காசு வாங்கிக்கொண்டு பட்டம் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் அது குற்றம், 1925ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில் பட்டம் விலைக்குப் போனதால் வந்த சட்டம் அது. 1933இல் மாண்டி கிரெகரி என்ற தரகர் அதன்கீழ் தண்டிக்கப்பட்டார். விண்ணப்பம் எழுதித் தருவதற்குக் கூலி கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அதுவும் தேவையில்லை. சங்கத்தில் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளச் சொல்லுங்கள்: ‘சர் பட்டத்துக்கு’ என்று பரிந்துரைக்க முடியாது. ஆளைத்தான் பரிந்துரைக்கலாம். எந்தப் படி என்பதைக் குழு முடிவு செய்யும். ஒரு வட்டாரத்தில் பல ஆண்டு தமிழ்ப் பள்ளி நடத்தியவருக்கு எம்.பி.இ. அல்லது அதற்கும் கீழே உள்ள பி.இ.எம். பதக்கம் வரும், சர் வராது. சர், டேம் என்பவை நாடளவிலோ உலகளவிலோ பெரும் பங்களிப்பு செய்தவர்களுக்கு, அதுவும் அந்தத் துறையில் உள்ள மற்றவர்களே இவரைப் பார்த்து உந்துதல் பெறுகிற அளவில், நெடுங்காலம் செய்தவர்களுக்கு. இதில் ஏமாற்றமடைய வேண்டிய அவசியமில்லை. எம்.பி.இ.யும் அரண்மனையில் வைத்துத் தரும் கௌரவம்தான்.

விண்ணப்பம் கேபினட் அலுவலகத்தின் பட்டங்கள் செயலகத்துக்குப் போகும், இணையப் படிவம் இருக்கிறது. ஆள் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் வெளியுறவு அமைச்சகத்துக்கு. படிவத்தில் கேட்பது: பெயர், வயது, முகவரி, செய்த பணி, ஏற்கெனவே கிடைத்த அங்கீகாரங்கள். கூட ஆதரவுக் கடிதங்கள் குறைந்தது இரண்டு. தன்னைத் தானே பரிந்துரைக்க முடியாது. இறந்தவரைப் பரிந்துரைக்க முடியாது. பணியிலிருந்து எப்போதோ விலகியவர் என்றால் வாய்ப்பு குறைவு, இன்னும் செயல்பட்டுக்கொண்டிருப்பவரையே விரும்புவார்கள். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும்போதே அனுப்புவது நல்லது, ஏனென்றால் பரிசீலனைக்கு 12 முதல் 18 மாதம் ஆகும்.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், படிவத்தைப் பொன்னாடை போர்த்தும் மேடைப் பேச்சாக எழுதுவதில். ‘தன்னலமற்ற தொண்டர், சமூகத்தின் விடிவெள்ளி’ என்று ஒரு பக்கம் எழுதினால் அந்தக் குழுவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. அவர்கள் கேட்பது, இவர் வருமுன் நிலைமை எப்படி இருந்தது, இவர் என்ன செய்தார், இப்போது எப்படி இருக்கிறது. ‘தலைவர், செயலாளர், பொருளாளர்’ என்ற பதவி வரிசை இதற்குப் பதிலாகாது. பள்ளி தொடங்கியபோது எத்தனை பிள்ளைகள், இப்போது எத்தனை. சம்பளமில்லாமல் வாரத்துக்கு எத்தனை மணி நேரம். இவர் உருவாக்கிய பாடத்திட்டத்தை வேறு எத்தனை ஊர்ப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. இப்படி எண்ணும் பெயரும் வரட்டும்.

அடுத்தது ஆதரவுக் கடிதங்கள். சங்கத் தலைவர் ஒன்றை எழுதி, அதையே பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவது நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. பத்துக்கும் சேர்த்து ஒரு கடிதத்தின் எடைதான். வேறுவேறு கோணத்திலிருந்து இரண்டு கடிதங்கள் இருந்தால் போதும். உதாரணமாக, உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பயன்பெற்ற மாணவி ஒருவர். தமிழரல்லாத ஒருவர் எழுதினால் பணி சமூகத்துக்கு வெளியேயும் பரவியிருப்பது தானே தெரியும்.

ஆளிடம் சொல்லாதீர்கள். இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. கிடைக்காவிட்டால் அவர் மனம் நோகும் என்பதும் ஒரு காரணம். வாட்ஸாப் குழுவில் ‘நம் ஐயாவுக்குச் சர் பட்டம், ஆதரவு தாருங்கள்’ என்று போட்டுவிட்டால் அதோடு போயிற்று.

இதன் பிறகு நடப்பது உங்கள் கையில் இல்லை. அந்தந்தத் துறைக் குழு பார்க்கும், பெரும்பான்மை உறுப்பினர்கள் அரசுக்கு வெளியே உள்ளவர்கள். பிறகு முதன்மைக் குழு, பிரதமர், மன்னர். இடையில் வரித் துறை உட்படப் பல அலுவலகங்களில் ஆளைப் பற்றி விசாரிப்பார்கள். வரி பாக்கியோ வழக்கோ இருந்து அதை மறைத்து அனுப்பினால் அங்கே நிற்கும். எல்லாம் தாண்டினால், பட்டியல் வெளியாவதற்குச் சில வாரம் முன்பு ஆளுக்குக் கடிதம் போகும், ஏற்பீர்களா என்று கேட்டு. மறுப்பவர்களும் உண்டு. டேவிட் போவி 2003இல் சர் பட்டத்தை வேண்டாம் என்றார்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் மூன்று இருக்கின்றன. தாகூரும் எஸ். சுப்பிரமணிய ஐயரும் பட்டத்தைத் துறந்தவர்கள், அவர்களுக்குச் ‘சர்’ போடலாமா? பட்டம் பறிக்கப்பட்டவர்கள் என்றால் எப்படி? ஒரு படக்குறிப்பில் ‘எழுந்திருங்கள் சர் என்று அரசி கூறி வாளால் தொட்டார்’ என்றிருக்கிறது, இன்னொன்றில் டேம் பட்டம் பெற்ற பெண் வாளுக்கு முன் மண்டியிட்டதாக. இவை சரியா?

---

முத்திரை எழுதியது:

இரண்டு படக்குறிப்பும் தவறு. ‘எழுந்திருங்கள்’ என்ற வாசகம் சினிமாவில்தான். உண்மையில் நடப்பது இது: பெயர் படிக்கப்படும். பெறுபவர் முன்னே போய்த் தலைவணங்கி, கைப்பிடி வைத்த ஒரு சிறு வெல்வெட் மணையில் வலது முழங்காலை ஊன்றுவார். மன்னர் வாளின் தட்டைப் பக்கத்தால் முதலில் வலது தோளையும் பிறகு இடது தோளையும் தொடுவார். பேச்சில்லை. அவர் எழுந்து நின்றதும் பட்டச் சின்னத்தை அணிவிப்பார். இரண்டொரு வார்த்தை பேசுவார், கைகுலுக்குவார். கைகுலுக்கினால் முடிந்தது, பின்வாங்க வேண்டும் என்று பொருள். அந்த வாள் ஆறாம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவில் வைத்திருந்தது. 2020 ஜூலையில் நூறு வயது கேப்டன் டாம் மூருக்கு வின்ட்சர் கோட்டையில் பட்டம் தந்தபோது அவரை மண்டியிடச் செய்யவில்லை, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி நின்றே பெற்றார்.

பெண்களுக்கு வாள் கிடையாது. சின்னம் மட்டும் அணிவிக்கப்படும். இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார்க்கும் வாள் இல்லை, ‘சர்’ என்றும் அழைப்பதில்லை.

பட்டம் இப்போதெல்லாம் அறிவிப்பு நாளிலிருந்தே பயன்பாட்டுக்கு வந்துவிடுகிறது. ஆகவே அறிவிப்புக்கும் விழாவுக்கும் நடுவே எழுதும் செய்தியில் ‘சர்’ போடுவது பிழையில்லை.

---

கெஸட் வாசகி எழுதியது:

துறந்தவர்கள் பற்றி. தாகூர் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919 மே கடைசியில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதித் துறந்தார். சுப்பிரமணிய ஐயர் 1900இல் கே.சி.ஐ.இ. பெற்றார். அமெரிக்க அதிபர் வில்சனுக்கு இந்தியத் தன்னாட்சி கேட்டு எழுதிய கடிதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கண்டிக்கப்பட்டதும், 1918இல் சர் பட்டத்தையும் திவான் பகதூரையும் சேர்த்தே திருப்பித் தந்துவிட்டார்.

பிரிட்டிஷ் முறையில் பதக்கத்தைத் திருப்பி அனுப்புவதால் மட்டும் பட்டம் ரத்தாகாது. மன்னர் ரத்து செய்ய வேண்டும். ஜான் லெனன் 1969இல் எம்.பி.இ. பதக்கத்தைத் திருப்பி அனுப்பியதும் அப்படித்தான். ஆனால் தமிழில் எழுதும் நாம் அவர்களுடைய கோப்பைப் பார்த்துப் பெயர் எழுத வேண்டியதில்லை. தாகூர் வேண்டாம் என்று எறிந்ததை நாம் மறுபடி எடுத்து அவர் பெயரில் ஒட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. தலைப்பில் ‘சர்’ வேண்டாம். குறிப்புக்குள் பெற்ற ஆண்டும் துறந்த ஆண்டும் காரணமும் வரட்டும். 1905இல் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிய வரியில் ‘சர் எஸ். சுப்பிரமணிய ஐயர்’ என்று வருவது சரியே, அன்று அவர் சர்தான்.

பறிக்கப்பட்டவர்களுக்கும் இதே முறை. ஐரிஷ் விடுதலைப் போராளி ரோஜர் கேஸ்மென்ட் (1916), உளவாளி ஆன்டனி பிளன்ட் (1979), வங்கியாளர் ஃப்ரெட் குட்வின் (2012). குட்வினுக்கு 2004இல் தந்தது ‘வங்கித் துறைக்கு ஆற்றிய பணிக்காக’. வங்கி சரிந்த பிறகு அந்த வரியே அவருக்கு எதிராயிற்று. பறிப்பதற்குத் தனிக் குழு உண்டு, மூன்று மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலோ தொழில் அமைப்பு பெயரை நீக்கினாலோ அதன் முன் போகும். கௌரவ நியமனமும் தப்பாது, ஜிம்பாப்வே அதிபர் முகாபேயின் ஜி.சி.பி. (பாத் ஆர்டரின் முதற்படி) 2008இல் ரத்தானது. இறந்தவரிடம் மட்டும் பறிக்க முடியாது, ஆள் போகும்போதே சர் பட்டமும் போய்விடுகிறது.

உங்கள் பட்டியலில் மூவருக்கு இப்படி எழுதலாம்:

‘சர் சி.வி. ராமன் (நைட் பேச்சலர், 1929).’
‘ரத்தன் டாட்டா (கௌரவ கே.பி.இ., 2009, கௌரவ ஜி.பி.இ., 2014).’
‘இரவீந்திரநாத் தாகூர் (நைட் பேச்சலர், 1915, துறந்தது 1919).’

மற்றவர்களின் பின்னெழுத்துகளை இங்கே போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். சி.ஐ.இ. என்று இருப்பவர்களை முதலில் போடுங்கள்.